3 டேப்பா, 117 டேப்பா?

மேல மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தும் அண்ணன் ஒருவருக்குப் பத்து வருடமாக நான்தான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாள் கூப்பிட்டார். "தம்பி, ஹார்டு டிஸ்க் வைக்க இனி பீரோவில் இடமில்லை. போன மாதம் மட்டும் இரண்டு டிஸ்க் ஓடாமல் போய்விட்டன. டேப்புக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எத்தனை டேப் வாங்க வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

டேப் என்பது கம்ப்யூட்டர் கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்கும் காந்த நாடாக் கேசட். அதில் எழுதவும் படிக்கவும் ட்ரைவ் என்ற தனிக் கருவி வேண்டும். அண்ணன் ஏற்கெனவே ஒரு விற்பனையாளரிடம் கேட்டிருந்தார். அந்த ஆள் 3 டேப் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நான் வீட்டுக்கு வந்து, அலுவலகங்களுக்கு வழக்கமாகப் போடும் என் பழைய கணக்குத்தாளில் அதே விவரங்களை நிரப்பிப் பார்த்தேன். 117 என்று வந்தது. இரண்டு கணக்கிலும் கூட்டல், வகுத்தல் பிழை எதுவும் இல்லை.

அதே வாரம் சிம்மக்கல் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களிடம் இருப்பது எல்லாம் சேர்த்து 400 ஜிபி. ஸ்டுடியோக்காரருக்கு அது ஒரு பெரிய கல்யாணத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே 28 டேப் வந்தது. ஸ்டுடியோவுக்கு நான் கடைசியில் சொன்ன எண் 33. நூற்றுத் தொண்ணூறு மடங்குக்கு மேல் வித்தியாசமுள்ள இரண்டு இடங்கள், டேப் எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கின்றன. தரவின் அளவை டேப்பின் அளவால் வகுத்தால் விடை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பெட்டியின் மேல் இருக்கும் எண்

முதலில் அந்த 3 எப்படி வந்தது என்று பார்ப்போம். எல்டிஓ என்பது இந்த டேப்களின் வகைப் பெயர், பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. எல்டிஓ-8 டேப்பின் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: 12 டிபி, 30 டிபி (டிபி என்றால் டெராபைட், ஆயிரம் ஜிபி). டேப்பில் உண்மையில் பிடிப்பது 12. தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது 30. விற்பனையாளர் ஸ்டுடியோவில் இருந்த மொத்தம் 77 டிபியை 30-ஆல் வகுத்து 3 என்று எழுதிவிட்டார்.

கணக்குப் புத்தகம், பில், கடிதம் போன்றவை நன்றாகவே சுருங்கும். கல்யாண வீடியோ சுருங்காது. கேமரா பதிவு செய்யும்போதே அதை ஒருமுறை பிழிந்துதான் எழுதுகிறது. சாறு பிழிந்த கரும்புச் சக்கையை மறுபடி மெஷினில் விட்டால் என்ன வருமோ அதுதான் டேப் ட்ரைவின் சுருக்கத்திலும் வரும். ஜேபெக் போட்டோவுக்கும் அதே கதி. முன்கூட்டியே பூட்டுப் போட்டு மறைக்குறியாக்கிய கோப்புகளும் சுருங்காது. எனவே ஸ்டுடியோ, ஸ்கேன் சென்டர், சிசிடிவி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பெட்டியில் சின்ன எண்ணாக இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். வருடங்களுக்கு முன்பு ஓர் அச்சகத்துக்குப் பெரிய எண்ணை நம்பி ஒற்றை டேப்பில் இரவு பேக்கப்பை அமைத்துக் கொடுத்தேன். நள்ளிரவில் டேப் நிரம்பி, அடுத்த டேப்பைப் போடு என்று திரையில் கேட்டபடியே விடிய விடியக் காத்திருந்தது. போடுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? காலையில் வந்த பையன் அந்தச் செய்தியை மூடிவிட்டு வேலையைப் பார்த்தான். இப்படியே மூன்று வாரம் ஓடியது. தெரிய வந்தபோது நல்லவேளையாக ஒன்றும் தொலைந்திருக்கவில்லை. என் முகம்தான் தொங்கிப் போனது.

இன்னொரு பொறி சத்தமில்லாதது. டேப் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸும் பல சேமிப்புப் பெட்டிகளும் 1,024 வீதம் எண்ணிவிட்டு அதே டிபி என்ற பெயரில் காட்டுகின்றன. 12 டிபி டேப் அந்தக் கணக்கில் 10.9 தான். திருப்பிப் பார்த்தால், திரையில் 60 டிபி என்று காட்டுவது டேப் கணக்கில் 66. பத்து சதவீத வித்தியாசம். சின்னத் தொகுப்பில் இது தெரியாது. பெரிய தொகுப்பில் ஒன்றிரண்டு டேப் குறைந்து நிற்கும். நான் எல்டிஓ-8 ஒன்றுக்கு 11 டிபி என்றே போடுவேன். விளிம்பு வரை நிரப்பத் திட்டமிடுவது, வாளியை நிரப்பிக்கொண்டு மாடி ஏறுவது போல.

அண்ணன் ஸ்டுடியோவில் பழைய ஹார்டு டிஸ்க்குகளில் திரைக்கணக்கில் 60, நடப்பு வேலையில் 10. டேப் கணக்கில் முறையே 66, 11. ஆக 77 டிபி. எல்டிஓ-8-இல் ஒரு முழுப் பிரதிக்கு 7 டேப்.

எந்தத் தலைமுறை

எல்டிஓ-7 டேப் 6 டிபி பிடிக்கும், 2015-இல் வந்தது. 2017-இல் வந்த எல்டிஓ-8-இல் 12. 2021-இல் வந்த எல்டிஓ-9-இல் 18. 2025-இல் வந்த எல்டிஓ-10 முதலில் 30 டிபியோடு வந்தது. டேப்பின் விலை ஆயிரங்களில், ட்ரைவின் விலை லட்சங்களில். ரூபாய்க் கணக்கை இங்கே எழுதினால் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாறாத சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

எல்டிஓ-8 ட்ரைவ், எல்டிஓ-7 டேப்பைப் படிக்கும், எழுதவும் செய்யும். எல்டிஓ-6 டேப்பைத் தொடாது. எல்டிஓ-9 ட்ரைவ், எல்டிஓ-8 வரைதான் இறங்கி வரும். எல்டிஓ-10 தன் முன்னோர் யாருடைய டேப்பையும் ஏற்காது. இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். டேப்பை முறையாக வைத்திருந்தால் 30 வருடம் தாங்கும் என்பது உற்பத்தியாளர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் அதைப் படிக்கும் ட்ரைவ் உங்களிடம் 30 வருடம் உயிரோடு இருக்காது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய தலைமுறை ட்ரைவை வாங்கினால், டேப் இருக்கும், படிக்க ஆள் இருக்காது. தாத்தா எழுதிய, மராத்திக்குப் பயன்பட்ட பழைய மோடி எழுத்துப் பத்திரம் வீட்டில் இருப்பது போல.

எல்டிஓ-9-க்கு ஒரு குணம் உண்டு. புது டேப்பை முதல் முறை போடும்போது ட்ரைவ் அதை அளந்து பழகிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இரண்டு மணி நேரம் வரையும் போகலாம். புது ட்ரைவ் வாங்கியவர்கள் அது கெட்டுப்போய்விட்டது என்று பதறிக் கூப்பிடுவது இதற்காகத்தான்.

ஸ்டுடியோவுக்கு நான் எல்டிஓ-8 என்றேன். எல்டிஓ-9 எடுத்திருந்தால் டேப் எண்ணிக்கை 33-லிருந்து 25 ஆகக் குறையும். எல்டிஓ-7 என்றால் 53 ஆகும். 33-க்கும் 25-க்கும் இடையே உள்ள 8 டேப், ட்ரைவ் விலையின் வித்தியாசத்தை ஈடுகட்டுமா என்று கடையில் கேட்டு ஒப்பிட்டோம். இந்த ஸ்டுடியோ அளவுக்கு ஈடுகட்டவில்லை. வருடத்துக்கு 100 டிபி சேரும் இடமாக இருந்தால் யோசிக்காமல் 9 என்றிருப்பேன்.

தாத்தா, அப்பா, மகன்

117 வந்த கதை இனி. என் கணக்குத்தாள் அலுவலகங்களுக்கானது. அதில் இருப்பது தாத்தா-அப்பா-மகன் முறை. தினசரி டேப் மகன். அடுத்த வாரமே அவன் மேல் எழுதிவிடலாம். வார டேப் அப்பா. ஒரு மாதம் இருப்பார். மாத டேப் தாத்தா. ஒரு வருடம் அசையமாட்டார். ஸ்டுடியோவின் 77 டிபியை இதில் போட்டால், வாரத்துக்கு ஒரு முழுப் பிரதியாக 4 வாரத்துக்கு 28 டேப், 12 மாதத்துக்கு 84, மாறியதை மட்டும் எடுக்கும் தினசரிக்கு 5. ஆக 117. ஒவ்வொரு முழுப் பிரதியும் வினாடிக்கு 300 எம்பி வேகத்தில் நிற்காமல் ஓடினாலே 71 மணி நேரம் எடுக்கும். மூன்று நாள். அதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும்.

ஆனால் இதே முறை ஆடிட்டர் அலுவலகத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அங்கே கோப்புகள் தினமும் மாறுகின்றன. ஒரு கட்சிக்காரரின் கணக்கை யாரோ தவறாக மாற்றியிருப்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரியவரும். அன்றைய நிலையில் கோப்பு எப்படி இருந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும்; ஆடிட்டர் சாரும் அதே அளவை எடுத்துக்கொண்டார். மதுரையில் சனிக்கிழமை விடுமுறை விடும் ஆடிட்டர் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. எனவே திங்கள் முதல் வெள்ளி வரை 5, சனிக்கு 4. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை டேப் மாத டேப்பாகிவிடும். ஐந்து சனி வரும் மாதத்திலும் 4 போதும். மாத டேப் 11. ஏன் 12 இல்லை என்றால், மார்ச் மாத டேப்தான் ஆண்டு டேப். ஆண்டு டேப் 8. மொத்தம் 28. முதல் வருடம் 21 வாங்கி, பிறகு வருடத்துக்கு ஒன்று சேர்த்தால் போதும்.

இங்கே 400 ஜிபி என்ற எண் கணக்குக்குள் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 40 ஜிபியாக இருந்தாலும் 28 தான். எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும், எத்தனை படிகளில் போக வேண்டும் என்பதே எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது.

ஹனாய் கோபுர முறை என்று ஒன்று உண்டு. டேப் சிக்கனத்தில் அதை அடிக்க முடியாது. முதல் டேப் ஒன்றுவிட்டு ஒருநாள், இரண்டாவது நான்கு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது எட்டு நாளுக்கு ஒருமுறை என்று இரட்டித்துக்கொண்டே போகும். 5 டேப்பில் 16 நாள், 8 டேப்பில் 128 நாள் வரை பின்னால் போகலாம். கணக்குப் பிரியர்கள் இதைப் பார்த்ததும் காதலில் விழுந்துவிடுவார்கள், நானும் விழுந்தேன். ஆனால் டேப்பை மாற்றுவது யார்? காலையில் கூட்டிப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, பிறகு டேப்பையும் மாற்றிவிட்டு உட்காரும் வரவேற்பறைப் பெண். இன்றைக்கு என்ன கிழமை என்று அவருக்குத் தெரியும். இது சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நடுவில் ஒருநாள் சித்திரைத் திருவிழா விடுமுறை வந்தால் வரிசை குழம்பும். டேப்பைத் தானே மாற்றும் நூலகப் பெட்டி இருந்தால் மட்டும் ஹனாய். கையால் மாற்றும் இடத்தில் கிழமை எழுதிய டேப்தான் நிலைக்கும்.

ஓடும் தரவு, உறங்கும் தரவு

ஸ்டுடியோவுக்குத் திரும்புகிறேன். ஒரு பெரிய கல்யாணத்தில் என்ன சேர்கிறது என்று அண்ணனோடு உட்கார்ந்து எழுதினேன். 4கே வீடியோ வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவானால் மணிக்கு 45 ஜிபி. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் என்று ஒரு கேமரா 7 மணி நேரம் ஓடும். இரண்டு கேமராவுக்கு 630 ஜிபி. போட்டோ 4,000, ரா (மூலக்) கோப்பு ஒன்றுக்கு 28 எம்பி என்றால் 112 ஜிபி. ட்ரோன் 30. எடிட் செய்த படம், ஆல்பம் பக்கங்கள், இடைக் கோப்புகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 900 ஜிபியில் வந்து நின்றது. வருடத்துக்கு இப்படி 40. அதோடு காதணி விழா, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று சின்ன வேலைகள் 50, தலைக்கு 100 ஜிபி. கூட்டினால் 41 டிபி. அடுத்த வருடம் கேமரா ஒன்று கூடும் என்பதால் 46 என்று வைத்தோம்.

இதை 12-ஆல் வகுத்து மாதத்துக்கு இவ்வளவு என்று போட்டால் தப்பு. கல்யாணம் காலண்டர்படி வருவதில்லை, பஞ்சாங்கப்படி வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் ஸ்டுடியோவில் ஈ ஓட்டுவார்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே மாதத்தில் 7, 8 கல்யாணம். அந்த மாதத்தின் 7 டிபியைத் தாங்கும் வேகமும் கையிருப்பும் இருக்கிறதா என்பதுதான் சோதனை. சராசரி இங்கே யாருக்கும் சோறு போடாது.

எழுதி முடித்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 900 ஜிபியில் கேமராவிலிருந்து வந்த 770 ஜிபி அதற்குப் பிறகு ஒருபோதும் மாறுவதில்லை. எடிட்டர் அதைப் பார்க்கிறார், வெட்டி ஒட்டுகிறார். ஆனால் மூலக் கோப்பு அப்படியே இருக்கிறது. அது பிறந்த அன்றே உறங்கிவிட்ட தரவு. அதை வாராவாரம் மறுபடி மறுபடி டேப்பில் எழுதியதால்தான் 117. மாறிக்கொண்டிருப்பது எடிட் கோப்புகள், ஆல்பம் வடிவமைப்பு, முன்பணக் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல். எல்லாம் சேர்த்து எந்த நேரத்திலும் 2 டிபிக்குள்.

ஆக இரண்டாகப் பிரித்தோம். மூலக் கோப்பு, படப்பிடிப்பு முடிந்த அதே வாரம் இரண்டு டேப்பில் ஒருமுறை எழுதப்படும். படம் கொடுத்து முடித்ததும் இறுதிப் படமும் ஆல்பமும் அதன் பின்னால் சேரும். பிறகு யாரும் மேலே எழுத மாட்டார்கள். பழைய 66 டிபிக்கு 6 டேப், இரண்டு பிரதிக்கு 12. வரும் வருடத்தின் 46-க்கு 4.2, அதாவது 5. இரண்டு பிரதிக்கு 10. ஓடும் 2 டிபிக்கு மட்டும் சுழற்சி: தினசரிக்கு 2 டேப், வாரம் மாற்றி வாரம், மாறியவை ஒன்றன்பின் ஒன்றாக அதிலேயே சேரும்; வாரத்துக்கு 4; மாதத்துக்கு 3. கல்யாண ஆல்பம் கைமாறிய மூன்று மாதத்துக்குப் பிறகு எடிட் கோப்பின் பழைய வடிவம் யாருக்கும் தேவைப்படுவதில்லை என்பதால் தாத்தாவுக்கு இங்கே ஆயுள் குறைவு. சுழற்சிக்கு 9, கையிருப்பு 2. மொத்தம் 33. இவற்றுக்கு மேல் துப்புரவு டேப் ஒன்று. அது ஏறக்குறைய 50 முறை வரும், ட்ரைவ் கேட்கும்போது மட்டும் போட்டால் போதும்.

இன்னொரு சிறு சிக்கனம். அந்த 9 சுழற்சி டேப்பும் எல்டிஓ-7 ஆக இருக்கலாம். 2 டிபிக்கு 6 தாராளம். எல்டிஓ-8 ட்ரைவ் அதில் எழுதும். நாளை எல்டிஓ-9 ட்ரைவ் வாங்கினால் அது எல்டிஓ-7-ஐப் படிக்காதே என்றால், மூன்று மாதத்தில் செத்துப்போகும் பிரதியைப் பற்றி அப்போது கவலைப்பட என்ன இருக்கிறது? உறங்கும் தரவை மட்டும் கட்டாயம் எல்டிஓ-8-இல் எழுத வேண்டும்.

"படம் கொடுத்த பிறகு மூலக் கோப்பை எதற்கு வைத்திருக்க வேண்டும்? அழித்துவிட்டால் பாதி டேப் மிச்சம்தானே" என்று கேட்டேன். அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. டீ வந்தது. குடித்துவிட்டுச் சொன்னார்: "போன வருடம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் அவன் கல்யாணம் நம் ஸ்டுடியோதான். அவன் அப்பத்தா இறந்துவிட்டது. படத்தில் அப்பத்தா வருவது மொத்தமே பத்து விநாடி. வெட்டிப் போட்டதில் நிறைய இருக்கும், எடுத்துக் கொடுங்கள் என்றான். இருந்தது. பந்தியில் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தது அப்பத்தா. மூன்று நிமிடம். அதைத்தான் அவன் கேட்டான்." எத்தனை வருடம் வைத்திருப்பது என்ற கேள்வி அதோடு முடிந்தது.

வெளியே இருக்கும் பிரதி

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியை உலகத்துக்குப் பரப்பியவரே ஒரு புகைப்படக்காரர்தான். அதைப் பின்பற்றுவதாகச் சொல்லும் பலரும் இரண்டாவது பிரதியை அதே கட்டடத்தின் வேறு அலமாரியில் வைத்திருப்பார்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டேப் கணக்கில் இதனால் ஒரு சங்கடம் உண்டு. ஓர் எல்டிஓ-8 டேப் நிரம்ப இந்த ஸ்டுடியோவில் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். நிரம்பிய பிறகுதான் வெளியூருக்குப் போகும் என்றால், அதுவரை இரண்டு பிரதியும் ஒரே அறையில்தான் இருக்கும். எனவே முதல் வரிசையில் ஒரு டேப்பும், வெளியே போகும் வரிசையில் இரண்டு டேப்பும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். ஒன்று ஸ்டுடியோவில் எழுதப்படும்போது மற்றது வெளியூரில். 4.2-ஐ 5 ஆக ஏற்றியதில் கிடைத்த இடம் இதற்குச் சரியாகப் போனது. இரண்டு டேப்பிலும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வரை கேமரா கார்டை அழிக்கக்கூடாது என்று ஒரு விதியும் போட்டோம். முகூர்த்த நாட்களில் கார்டு தட்டுப்பாடு வரும். வரட்டும், கார்டு மலிவு.

நீண்ட நாள் வைக்கும் டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும், 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் நல்லது. மதுரையின் மொட்டைமாடி அறைக்கு இந்த எண்களைச் சொன்னால் அது சிரிக்கும். கீழ்த்தளமும் வேண்டாம், தண்ணீர். மேல்தளமும் வேண்டாம், வெயில். நடுத்தளத்தில், ஏசி ஓடும் அறையில், ஸ்பீக்கருக்கும் இன்வெர்ட்டருக்கும் தள்ளி. கத்திரி வெயிலில் காரின் பின்பக்கத்தில் டேப்பை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வேறு வெப்பநிலையிலிருந்து வந்த டேப்பை ஒரு நாள் அறையில் வைத்துவிட்டுப் பிறகு ட்ரைவில் போடுங்கள்.

எந்த டேப்பில் யார் கல்யாணம் என்ற பட்டியல் இல்லாவிட்டால் மேலே சொன்ன எல்லாமே வீண். மொய் வாங்கிவிட்டு நோட்டில் பெயர் எழுதாமல் விட்டால் பணம் இருக்கும், திருப்பிச் செய்ய வழியிருக்காது. டேப்பும் அப்படித்தான். எல்டிஎஃப்எஸ் முறையில் எழுதினால் டேப்பைப் போட்டதும் கோப்புப் பட்டியல் திரையில் வந்துவிடும். எல்டிஓ-5 காலத்திலிருந்து இருக்கும் வசதி, விலை கொடுத்து பேக்கப் மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஆனால் எந்த டேப்பைப் போடுவது என்பதற்கு நோட்டு வேண்டும். அண்ணன் உண்மையிலேயே மொய் நோட்டு ஒன்றை வாங்கி ஆரம்பித்துவிட்டார்: தேதி, மண்டபம், மணமக்கள் பெயர், டேப் எண். அதன் பிரதி ஒன்று என் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.

டேப் வேண்டாம் என்றால்

ஹார்டு டிஸ்க்கிலேயே தொடர்வதென்றால் வருடத்துக்கு 46 டிபி, இரண்டு பிரதிக்கு 92. 8 டிபி டிஸ்க் 12 வாங்க வேண்டும். ட்ரைவ் செலவு இல்லை என்பதால் முதல் இரண்டு வருடம் டிஸ்க்தான் மலிவு. ஆனால் பீரோவில் தூங்கும் டிஸ்க்கை அவ்வப்போது எழுப்பி ஓட்டிப் பார்க்க வேண்டும், யாரும் செய்வதில்லை. போன மாதம் அண்ணனுடைய இரண்டு டிஸ்க் போனதும் அப்படித்தான். கிளவுடில் ஏற்றுவதென்றால், 100 மெகாபிட் மேலேற்று வேகம் இடைவிடாமல் கிடைத்தாலும் தை மாதத்தின் 7 டிபிக்கு ஆறரை நாள் ஆகும். பிறகு ஆயுள் முழுவதும் வாடகை.

ஆடிட்டர் அலுவலகத்துக்கு நேர்மாறாகச் சொன்னேன். 400 ஜிபி ஓர் இரவில், ஒன்பது மணி நேரத்தில் கிளவுடுக்கு ஏறிவிடும். அதற்குப் பிறகு தினம் மாறியது மட்டும். 28 டேப் என்ற கணக்கு சரிதான். ஆனால் 12 டிபி பிடிக்கும் டேப்பில் 400 ஜிபியை எழுதி அலமாரியில் வைக்க லட்சக்கணக்கில் ட்ரைவ் வாங்குவது, எலுமிச்சம்பழம் கொண்டுவர லாரி பிடிப்பது. கிழமை எழுதிய சின்ன ஹார்டு டிஸ்க்குகள், மறைக்குறியாக்கிய கிளவுடு பிரதி, மார்ச் பிரதி மட்டும் இரண்டு டிஸ்க்கில். அதே தாத்தா-அப்பா-மகன்தான், சாதனம் மட்டும் வேறு. டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும் என்பதை மூன்று முறை சொல்லிவிட்டு வந்தேன். பிணைத்தொகை கேட்கும் வைரஸ் வந்தால், இணைத்து வைத்திருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்படும்.

ஸ்டுடியோவில் வேலை ஆடி முதல் வாரம் தொடங்கியது. பழைய டிஸ்க்குகள் வினாடிக்கு 130 எம்பிக்கு மேல் தருவதில்லை. 132 டிபி எழுத 12 நாள் இரவு பகலாக ஓட வேண்டும். இதை நெட்வொர்க் வழியாக அனுப்பவில்லை. ஒரு கிகாபிட் கேபிளில் வேகம் இன்னும் இறங்கினால், ட்ரைவ் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடி, டேப்பைத் தேய்த்துவிடும். டிஸ்க்கை ட்ரைவ் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே நேரடியாகச் செருகினோம். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. 23 டேப் இப்போது வாங்கியாயிற்று. வருடத்துக்கான 10-ஐ ஆவணிக்கு முன் பாதி, தைக்கு முன் பாதி.

வெளியூர் வரிசைக்குத் திண்டுக்கல்லில் இருக்கும் அண்ணனுடைய அக்கா வீடு முடிவானது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அக்கா, ஏசி அறையில் இருக்கும் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்துத் தட்டைக் காலி செய்து கொடுத்தார். அந்துருண்டையை மட்டும் அங்கிருந்து எடுத்துவிடச் சொன்னேன். புடவைக்குப் பூச்சி வந்தால் நீதான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்.